கதை எழுதலாம் வாங்க: பேய் வீடு ஸ்பெஷல் கேள்வி பதில்

கேள்வி: காரைக்குடி பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்ட வச்சு அமானுஷ்ய த்ரில்லர் எழுதிட்டு இருக்கேன். 40 பக்கம் ஆச்சு. முதல் அத்தியாயத்துலயே பேய் வந்துடுது, ரத்தம், அலறல் எல்லாம் இருக்கு. ஆனா படிச்ச ரெண்டு தோழிகளும் பயமே வரலன்னு சொல்லிட்டாங்க. எங்க தப்பு பண்றேன்?
- வாசகி, புதுக்கோட்டை

பதில்: நீங்க அனுப்பின முதல் அத்தியாயத்த ரெண்டு தடவ படிச்சேன்மா. எழுத்து நல்லா வருது உங்களுக்கு. ஆனா பேய் வந்து நிக்கறப்போ அது எந்த இடத்துல நிக்குதுன்னே எனக்குத் தெரியல. "பாழடைந்த பங்களா"ன்னு ஒரே வரில வீட்ட முடிச்சுட்டு நேரா அலறலுக்குப் போயிட்டீங்க. செட்டிநாட்டு வீட்டுல திண்ணை, முகப்பு, வளவுங்கற நடு முற்றம், ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நேரா போய்ட்டே இருக்கும், சில வீட்டுக்கு வாசல் ஒரு தெருவுல இருக்கும், கொல்லை அடுத்த தெருவுல போய் முடியும். முன்னாடி நின்னு பாத்தா நிலைக்குள்ள நிலையா கடைசிக் கதவு வரைக்கும் தெரியும். உங்க நாயகி ராத்திரி கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுட்டு ஒவ்வொரு கட்டா லைட்ட அணைச்சுக்கிட்டே முன்னாடி வர்றா, முகப்புல வந்து திரும்பிப் பாக்கறா, அந்தக் கோடில கட்டம் மாதிரி கொஞ்சூண்டு நிலா வெளிச்சம். இப்பதான் தாழ்ப்பாள் போட்ட கதவு அது. இந்த இடத்துல பேயே வேணாம், வாசகர் அடுத்த பக்கத்த தானா திருப்பிடுவாங்க.

அடுத்தது, அவ ஏன் அந்த வீட்ட விட்டு ஓடல? பேய் வீட்டுக் கதை படிக்கிற எல்லாருக்கும் வர்ற கேள்வி இதுதான், நீங்க பதிலே சொல்லல. அந்த ஊர் வீட்டுலயே பதில் இருக்கே. பல வீடுகளுக்கு இன்னைக்கு ஏகப்பட்ட பங்காளிங்க, ஒருத்தர் சென்னைல இருப்பார், ஒருத்தர் சிங்கப்பூர்ல, எல்லாரும் கையெழுத்து போட்டாதான் விக்க முடியும். கடைசிக் கையெழுத்துக்காக அவ அங்க 4 நாள் தங்கியே ஆகணும்னு வச்சுப் பாருங்க, அந்தப் பணம் இல்லன்னா அம்மாவோட ஆபரேஷன் நடக்காதுன்னும் வச்சுக்கங்க. இப்ப அவ ஓட மாட்டா, அத நாமளும் நம்புவோம்.

பேய் யாருங்கறது கடைசி. வளவ சுத்தி வரிசையா அறை இருக்குல்ல, கல்யாணம் ஆன ஒவ்வொரு பையனுக்கும் ஒண்ணுன்னு. அதுல ஒரு அறை மட்டும் பூட்டியே கெடக்கட்டும். 1942ல ஜப்பான் படை பர்மாவப் புடிச்சப்போ லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலையெல்லாம் நடந்தே ஊர் திரும்பினாங்க, வழியிலயே செத்துப்போனவங்க அதுல ஏராளம். அந்த மாதிரி கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரம் பண்ணப் போன புருஷன் வந்து சேரவும் இல்ல, செத்தார்னு தகவலும் இல்ல, தாலியக் கழட்டறதா வேணாமான்னே தெரியாம அந்த அறையில ஒரு பொம்பள 30 வருஷம் காத்திருந்தான்னு வைங்க. ராத்திரி ராத்திரி ஒரு தட்டுல சோறு போட்டு மூடி வச்சிருப்பா. ஆள் இல்லாத வீட்டுல உங்க நாயகி காலைல எந்திரிச்சுப் பாத்தா மூடி வச்ச தட்டு ஒண்ணு இருக்கு, தொட்டா சுடுது. நீங்க எழுதின ரத்தத்த எல்லாம் எடுத்துடுங்கம்மா, இந்தத் தட்டு போதும்.

கேள்வி: எனக்கு பழைய வீடே தெரியாது சார், பொறந்ததுல இருந்து ஃபிளாட்தான். ஃபிளாட்ட வச்சு எழுதினா எடுபடுமா?
- கல்லூரி மாணவர், சென்னை

பதில்: தாராளமா எழுதுங்க தம்பி. ஏறக்குறைய 1900 வருஷத்துக்கு முன்னாடி ரோம்ல பிளினிங்கறவர் ஒரு கடிதத்துல எழுதின பேய் வீட்டுக் கதையே வாடகை வீட்டுக் கதைதான். ஏதென்ஸ்ல ஒரு பெரிய வீடு, ராத்திரியானா சங்கிலி சத்தம், யாரும் குடி வர மாட்டேங்கறாங்க. அத்தனடோரஸ்னு ஒரு தத்துவ ஆசிரியர் வர்றார், வாடகை ரொம்பக் கம்மியா இருக்கேன்னு சந்தேகப்பட்டு விசாரிக்கறார், விஷயம் தெரிஞ்சும் அதே வீட்ட எடுக்கறார். ராத்திரி உக்காந்து எழுதிட்டு இருக்கறப்போ பேய் வந்து வான்னு கை காட்டுது, இவர் கொஞ்சம் இருன்னு கை காட்டிட்டு எழுத்தத் தொடர்றார்! அப்புறம் அது பின்னாடியே போறார், முற்றத்துல ஒரு இடத்துல அது மறையுது, மறுநாள் தோண்டினா சங்கிலியோட எலும்பு. உங்க கதையும் அந்தக் கம்மி வாடகைல இருந்தே தொடங்கலாம். வேளச்சேரில ரெண்டு பெட்ரூம் வீடு பாதி வாடகைக்குக் கிடைக்குது, அட்வான்ஸ் முழுசா கட்டியாச்சு, பாதில காலி பண்ணா அந்தப் பணம் திரும்பி வராது.

கேள்வி: எல்லாரும் கதவு "கிரீச்"னு தொறந்துச்சுன்னுதான் எழுதறாங்க. சத்தத்த வேற எப்படி எழுதறது?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒரு ராத்திரி பழைய ஓட்டு வீட்டுல தனியா உக்காந்து கேளுங்க. நான் சொந்தக்காரங்க வீட்டுல அப்படி உக்காந்து எழுதிட்டு இருந்தேன், தலைக்கு மேல ஓட்டுல தடதடன்னு ஏதோ ஓடுச்சு. மரநாய்தான்னு எனக்கு நல்லாத் தெரியும். அந்த முனைல இருந்து ஓடி வந்து சரியா என் தலைக்கு நேர் மேல வந்து நின்னுடுச்சு. அப்புறம் சத்தமே இல்ல. நோட்டுல கொஞ்சம் புழுதி விழுந்துச்சு, எழுதின வரி மேலயே. ஓடின வரைக்கும் பயமில்ல, நின்னதுக்கு அப்புறம்தான் கை வேர்த்துச்சு. அதனால சத்தம் எங்க நிக்குதுன்னு எழுதுங்க.

கேள்வி: கடைசில எல்லாத்துக்கும் அறிவியல் விளக்கம் குடுக்கணுமா, இல்ல பேய்தான்னு விட்டுடலாமா?
- வாசகர், கோவை

பதில்: விளக்கத்தையும் கதையாவே சொல்ல முடிஞ்சா குடுங்க. இங்கிலாந்துல விக் டாண்டின்னு ஒரு இன்ஜினியர் வேலை பாத்த லேப்ல திடீர்னு குளிருமாம், கடைக்கண்ணுல சாம்பல் கலர்ல ஒரு உருவம் தெரியுமாம், திரும்பிப் பாத்தா இருக்காது. மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்கான கத்திய அங்க ஒரு வைஸ்ல, அதாவது பொருள இறுக்கிப் புடிக்கிற பட்டறைக் கருவில, மாட்டி வச்சார், யாரும் தொடாமலே அது அதிர ஆரம்பிச்சுது. தேடிப் பாத்தா புதுசா மாட்டின ஃபேன்ல இருந்து காதுக்குக் கேக்காத ஒரு சத்தம், 19 ஹெர்ட்ஸ் கிட்ட. அத 1998ல ஆய்வுக் கட்டுரையாவே எழுதினார். பாருங்க, விளக்கம் தெரிஞ்ச பிறகும் தானா ஆடுற அந்தக் கத்தி மனச விட்டுப் போகல. நான்னா பத்துல ஒம்போதுக்கு விளக்கம் குடுத்துட்டு ஒண்ண விட்டுடுவேன்.

கேள்வி: நாயகி சொல்றத வீட்டுல யாருமே நம்பலன்னு வச்சிருக்கேன். ரொம்பப் பழைய ஃபார்முலாவா?
- வாசகி, திருவள்ளூர்

பதில்: பழசுதான், உங்க மாவட்டத்துலயே இருக்கற பழசு. திருவாலங்காடு பக்கத்துல பழையனூர் நீலி கதைய எடுத்துப் பாருங்க. பேயான நீலி யாரையும் மிரட்டல, கள்ளிக்கொம்பக் குழந்தையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, ஒரு வணிகனக் காட்டி, இவன்தான் என் புருஷன், என்ன விட்டுட்டுப் போறான்னு ஊர்ச் சபைல அழறா. நீலிக்கண்ணீர்னு நாம சொல்றது அங்க இருந்து வந்ததுதான். 70 வேளாளர்களும் அவள நம்பி, வணிகன் கையில இருந்த வாளயும் வாங்கிட்டு, உனக்கு ஏதாவது ஆனா எங்க உயிரக் குடுக்கறோம்னு வாக்கு குடுத்து, ராத்திரி ரெண்டு பேரையும் ஒரே அறையில தங்க வைக்கறாங்க. விடிஞ்சா அவன் செத்துக் கெடக்கான், சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீயில எறங்கறாங்க. அந்த 70 பேர்ல யாருமே கெட்டவங்க இல்ல, அதான் தூக்கமே வர மாட்டேங்குது. உங்க நாயகி வீட்டு ஆளுங்களையும் அப்படி நல்லவங்களா எழுதுங்க, அவ மேல இருக்கற பாசத்துலயே அவ கையில இருக்கற வாள வாங்கி வைக்கட்டும். நீலி கதைல இன்னொண்ணு, சபைல அந்த வணிகன் இவ என் பொண்டாட்டியே இல்லன்னு கத்தறான், அந்தக் குழந்தை அப்பான்னு கூப்ட்டுட்டே அவன் கிட்ட போகுது. உங்க கதைல அந்தக் குழந்தை எதுன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு உக்காருங்கம்மா.