ஐந்தறிவு, ஆறறிவு என்று பிரிப்பது அறிவியலா? மனிதனும் விலங்குதானா?

உயிரியல் கணக்கில் மனிதன் விலங்குதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருப்பதில் இன்னொரு பாதியும் இருக்கிறது: நம் முன்னோர் ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரித்து வைத்தது அறிவியலா என்று. அதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உயிரியல். பல செல்களால் ஆன உடம்பு, செல்லைச் சுற்றிச் சுவர் கிடையாது, தன் உணவைத் தானே தயாரிக்கத் தெரியாது, இன்னொன்றைத் தின்றுதான் பிழைக்க வேண்டும். ஏறக்குறைய இவ்வளவுதான் விலங்கு. மூளை வேண்டும், கண் வேண்டும், ஓட வேண்டும் என்றெல்லாம் எந்த நிபந்தனையும் இல்லை. கடற்பஞ்சுக்கு நரம்பு இல்லை, தசை இல்லை, வயிறுகூட இல்லை. வளர்ந்தபின் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுகிறது. அதுவும் விலங்கு, நீங்களும் விலங்கு, வகைப்பாட்டில் ஒரே விலங்குலகம்.

இப்போது தொல்காப்பியம். மரபியலில் வரும் அந்தப் பட்டியல் வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். தொடு உணர்வு மட்டும் உள்ளவை புல்லும் மரமும், நாக்கும் சேர்ந்தால் நத்தை, சிப்பி வகை, மூக்கும் சேர்ந்தால் கறையானும் எறும்பும், கண்ணும் சேர்ந்தால் நண்டும் தும்பியும், காதும் சேர்ந்தால் விலங்குகள், மனமும் சேர்ந்தால் மக்கள். "டார்வினுக்கு முன்பே தமிழன் பரிணாமத்தைக் கண்டுபிடித்தான்" என்று இதற்குக் கீழே எழுதி அனுப்புகிறார்கள் பாருங்கள், அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒன்று இன்னொன்றாக மாறியது என்று அந்த நூற்பாக்களில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. அது வகைப்பாடு, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் உயிர்களை இப்படி வரிசைப்படுத்திப் பார்த்ததே பெரிய காரியம், அதற்கு மேல் நாம் ஜரிகை வைத்துத் தைக்க வேண்டியதில்லை.

பட்டியலை அப்படியே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனால் நிற்காது என்பதும் உண்மை. நத்தைக்குக் கண் உண்டு, கொம்பு மாதிரி நீட்டுகிறதே, அதன் நுனியில். பெரும்பாலான எறும்புகளுக்கும் கண் உண்டு. இரவில் கத்துகிற சிள்வண்டுக்குக் (cricket) காது முன்னங்காலில் இருக்கிறது. தேனீக்கு நமக்குத் தெரியாத புற ஊதா நிறம் தெரியும், குழிவிரியன் இருட்டில் இரையின் உடல் சூட்டை உணரும், சுறா மற்ற மீன்களின் உடம்பிலிருந்து வரும் மின்சாரத்தையே மோப்பம் பிடிக்கும். இதற்கெல்லாம் எத்தனையாவது அறிவு என்று எண் கொடுப்பது? ஐந்து என்பது நம் முகத்தையும் தோலையும் பார்த்து நாம் போட்ட கணக்கு.

ஆனால் இதே வரிசை, தொடு உணர்வு, சுவை, மணம், பார்வை, கேள்வி என்று இம்மி பிசகாமல் சமணத்திலும் இருக்கிறது. தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்று ஒவ்வொரு புலனாகக் கூட்டிக்கொண்டே போகிறது. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, சமணர்கள் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது. ஓர் உயிருக்குப் புலன் கூடக் கூட அதைக் கொல்வதன் பாவமும் கூடும், ஆகவே சாப்பாட்டை ஓரறிவு உயிர்களோடு நிறுத்திக்கொள், அதிலும் கிழங்கில் எண்ணற்ற உயிர்கள் குடியிருக்கின்றன, அதையும் விடு என்று நேராகச் சமையலறைக்குள் வந்துவிட்டது அந்த வகைப்பாடு. அதாவது, இதன் கேள்வி "எது எதற்கு உறவு" என்பது அல்ல, "எதற்கு எவ்வளவு வலிக்கும், நான் எங்கே நிறுத்த வேண்டும்" என்பது. உயிரியல் போடுவது உறவுமுறைக் கணக்கு. இரண்டையும் ஒன்றோடு ஒன்று மோதவிடுவதில்தான் பாதிச் சண்டை நடக்கிறது. (நான் மீன் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடாத ஆள், உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை.)

இன்னொன்று, நாம் நினைக்கிற மாதிரி அந்தப் பழைய பட்டியல் கறாரானது இல்லை. ஐயறிவில் "மாவும் மாக்களும்" என்று சேர்த்தே சொல்கிறது, மா என்றால் விலங்கு. மாக்கள் என்று, மன உணர்ச்சி இல்லாத மனிதர்களை அங்கே இறக்கி வைக்கிறார்கள் உரைகாரர்கள். ஆறறிவைச் சொன்ன கையோடு "ஒருசார் விலங்கும் உளவென மொழிப" என்று அடுத்த நூற்பா. விலங்குகளிலும் சில ஆறறிவு உடையவை என்கிறது, அதற்கு உரையில் கிளி, குரங்கு, யானை. "ஐந்தறிவு ஜீவன்" என்று நாயை விரட்டுகிறவர்கள் இந்த வரியை மேற்கோள் காட்டி நான் பார்த்ததே இல்லை.

மதங்களிலும் இந்த ஊசலாட்டம் உண்டு. திருவானைக்காவில் பூசை செய்த சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று ஒரே உயிரை உடம்பு மாற்றி அனுப்புகிறது சைவம். ஆதியாகமத்தில் விலங்குகளை ஆளும் அதிகாரம் மனிதனுக்குத்தான், ஆனால் நில விலங்குகளும் மனிதனும் படைக்கப்பட்டது ஒரே ஆறாம் நாளில். குர்ஆனின் 6ஆம் அத்தியாயம் விலங்குகளையும் பறவைகளையும் உங்களைப் போன்ற சமுதாயங்கள் என்கிறது.

மனிதனுக்கும் விலங்குக்கும் நடுவில் கோடு ஒன்றை அழுத்திப் போட்டது பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட்தான். 1637இல் வந்த நூலில், விலங்கு என்பது நுட்பமான இயந்திரம், அதற்குப் பகுத்தறிவே கிடையாது என்று எழுதினார். 98 ஆண்டு கழித்து, உயிர்களை வகைப்படுத்திப் பெயர் வைத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ் மனிதனைக் குரங்குகளோடு ஒரே வரிசையில் வைத்தார். ஆட்சேபம் வந்தது. 1747இல் க்மெலின் என்ற ஜெர்மன் இயற்கையியல் அறிஞருக்கு எழுதிய கடிதத்தில், மனிதனையும் குரங்கையும் பிரிக்கிற ஓர் இயற்கை அடையாளத்தைக் காட்டுங்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கேட்கிறார். பாதிரிமார் பயம் அவருக்கும் இருந்திருக்கிறது, கடிதத்திலேயே சொல்கிறார். டார்வின் 1871இல் மனத்திலும் வித்தியாசம் அளவில்தான், வகையில் இல்லை என்று முடித்துவிட்டார்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, மனிதன் அல்லாத எந்த உயிரினமும் விலங்கு. ஆக, உங்களை விலங்கு என்று யாராவது சொன்னால் உயிரியல் அவர் பக்கம், சட்டம் உங்கள் பக்கம். பிரிட்டன் 2022இல் கொண்டுவந்த சட்டம், உணர்வுள்ள விலங்குகளின் பட்டியலில் முதுகெலும்புள்ளவற்றோடு ஆக்டோபஸ், நண்டு, இறால் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. அதே 2022இல் நியூயார்க்கில் ஹேப்பி என்ற யானையின் வழக்கு. கண்ணாடியில் தன்னைத்தானே அடையாளம் கண்டுகொண்ட யானை அது. அதைச் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாகக் கருதி மிருகக்காட்சிசாலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று ஆட்கொணர்வு மனு போட்டார்கள். மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர் முடியாது என்றார்கள், இரண்டு பேர் விடுவிக்கலாம் என்றார்கள். நான் இருந்திருந்தால் அந்த இரண்டு பேரோடு மூன்றாவதாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.