மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு): கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

டாலஸ்: அம்மாவுக்கு 67 வயது. கிரீன் கார்டு வந்து 3 வருடம். மெடிகேர் இலவசமாகக் கிடைக்குமா அண்ணா?

5 வருடம் தொடர்ந்து இங்கே குடியிருந்தால்தான் கிடைக்கும். அப்புறமும் இலவசம் இல்லை. அம்மாவோ அப்பாவோ இங்கே 10 வருடம் வேலை பார்த்து வரி கட்டியிருந்தால்தான் பார்ட் ஏ (ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஆகும் செலவுக்கு) சும்மா வரும். நீங்கள் கட்டிய வரி அவர்கள் கணக்கில் சேராது. 2026-இல் முழு விலைக்கு வாங்கினால் பார்ட் ஏ மாதம் 565 டாலர், பார்ட் பி (டாக்டர், பரிசோதனைச் செலவுக்கு) 202.90 டாலர். ஊரில் மாதக்கணக்கில் தங்கினால் அந்த 5 வருடக் கணக்கு சிக்கலாகும். டிக்கெட் போடுமுன் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எடிசன்: 65 ஆகிறது, வேலையில் இருக்கிறேன். பார்ட் பி இப்போதே எடுக்கணுமா?

கம்பெனியில் குறைந்தது 20 பேர் இருந்து, அதன் காப்பீட்டில் நீங்கள் இருந்தால் தள்ளிப்போடலாம். வேலையை விட்டபின் கோப்ராவை (பழைய கம்பெனிக் காப்பீட்டைச் சொந்தச் செலவில் நீட்டிப்பது) நம்பி உட்காராதீர்கள். வேலை விட்ட 8 மாதத்துக்குள் பார்ட் பி எடுக்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 10 சதவீதம் அபராதம், ஆயுசுக்கும்.

சிகாகோ: “மெடிகேரிலிருந்து பேசுகிறோம்” என்று ஒருவர் கார்டு நம்பர் கேட்கிறார்.

ஃபோனை வையுங்கள்.

ஃபீனிக்ஸ்: பிரீமியமே இல்லாத அட்வான்டேஜ் பிளான், பல், கண்ணாடி எல்லாம் உண்டு. ஏஜென்ட் நம்ம ஊர்க்காரர். எடுக்கலாம்தானே?

அட்வான்டேஜ் என்பது தனியார் கம்பெனி வழியாக வரும் மெடிகேர். ஊர்க்காரருக்கும் கமிஷன் உண்டு. எத்தனை கம்பெனி பிளான் விற்கிறார் என்று முதலில் கேளுங்கள். பிரீமியம் இல்லை என்றாலும் பார்ட் பி பணம் கட்டித்தான் ஆகணும். 65-க்கு மேல் பார்ட் பி தொடங்கிய 6 மாதத்துக்குள் மெடிகேப் (அரசு மெடிகேரில் இருப்பவர்களுக்கு, அது கொடுக்காத பங்கைக் கட்டும் தனியார் காப்பீடு) கேட்டால் உடம்பைப் பற்றிக் கேள்வி கிடையாது. பிறகு சர்க்கரை, இதயம் என்று துருவுவார்கள்; நியூயார்க் போல ஒருசில மாநிலங்கள்தான் விதிவிலக்கு. 65-இல் நேரே அட்வான்டேஜில் சேர்ந்தவர் முதல் 12 மாதத்துக்குள் அரசு மெடிகேருக்குத் திரும்பி வரலாம்.

ஃபீனிக்ஸ், மறுபடி: சும்மா பயமுறுத்தாதீர்கள் சார். அப்பா 6 வருடமாக அதில்தான் சௌக்கியமாக இருக்கிறார்.

சந்தோஷம். சௌக்கியமாக இருக்கும்வரை எல்லா பிளானும் நல்ல பிளான்தான். பெரிய ஆபரேஷன் என்றால் நீங்கள் நினைக்கும் ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் இருக்கிறதா? முன் அனுமதி யார் கொடுப்பது? அவர் 6 மாதத்துக்கு மேல் ஊரில் இருந்தால் பெரும்பாலான பிளான்கள் பெயரையே எடுத்துவிடும், அது தெரியுமா?

அட்லாண்டா: மாமியாருக்கு கிரீன் கார்டு, இலவசமா?

டாலஸுக்கு எழுதியதைப் படியுங்கள்.

சான் ஹோசே: யாரை நம்பிப் போவது?

ஷிப் என்ற இலவச ஆலோசனை எல்லா மாநிலத்திலும் உண்டு, உங்கள் கலிஃபோர்னியாவில் அதன் பெயர் ஹைகாப். எதையும் விற்க மாட்டார்கள். நானும் எங்கள் மாநில ஷிப்பில் தொண்டர்தான். பிளான் மாற்றும் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. கடைசி வாரம் கூட்டம் நெரியும், சீக்கிரமே நேரம் வாங்குங்கள். மருந்துப் பெயரும் அளவும் எழுதிக்கொண்டு போங்கள். “வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று” என்றால் யாராலும் பிளான் தேட முடியாது.