மழைக்காலம் வந்தாலே மகனுக்குச் சளியும் வீசிங்கும். எதிர்ப்பு சக்தி கூட என்ன கொடுக்கலாம்?

என்ன கொடுக்கலாம் என்றுதான் நானும் இரண்டு வருடம் அலைந்தேன். தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு, கடையில் விற்கும் சத்துமாவு டப்பாக்கள் என்று ஒன்று விடவில்லை. அப்போது என் மகனுக்கு நாலு வயது. ஐப்பசி பிறந்தால் போதும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வான். தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவான், தொண்டைக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழும். அப்படிப் பார்த்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஒருமுறை நெபுலைசர் வைத்து முடித்ததும் டாக்டர் கேட்டது சாப்பாட்டைப் பற்றி இல்லை. "ராத்திரி கொசுவர்த்தி கொளுத்துவீங்களா?" என்றார். தினமும் கொளுத்துவோம். சாரல் அடிக்கும் என்று ஜன்னலையும் சாத்திவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்திலேயே தகர ஸ்டாண்டில் சுருளைச் சொருகிவைப்போம். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பாட்டினால் சாம்பிராணிப் புகை வேறு. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிந்தால் வருவதற்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. படித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூச்சுக்குழாயின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கின்றன. தூசியும் கிருமியும் சளியில் ஒட்டிக்கொள்ள, அதை மேலே மேலே தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. புகை பட்டால் அவை சோர்ந்துபோகும், குழாயும் வீங்கும். அப்புறம் எந்த ரசம் வைத்து என்ன? சுருளை நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டினோம். சாம்பிராணியை அவன் இருக்கும் அறைக்குள் காட்டுவதே இல்லை.

டாக்டர் இன்ஹேலரும் எழுதிக்கொடுத்தார். "பஃப் பழகிட்டா ஆயுசுக்கும் விடாதுடி" என்று மாமியார் பயந்தார், எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் அது பழக்கமாகிவிடும் மருந்து இல்லை. நேராக நுரையீரலுக்குப் போவதால் மைக்ரோகிராம் கணக்கில் கொடுத்தாலே போதுகிறது. மாத்திரையாகவோ சிரப்பாகவோ கொடுத்தால் அதைவிடப் பல மடங்கு வேண்டும், உடம்பு முழுக்கவும் பரவும். சின்னப் பிள்ளைகளுக்கு மாஸ்க் வைத்த ஸ்பேசரில், அதாவது இன்ஹேலரில் மாட்டும் குழாயில் கொடுங்கள், இழுப்பு வராமல் தடுக்கக் கொடுக்கும் இன்ஹேலர் (தடுப்பு மருந்து) என்றால் கொடுத்ததும் வாய் கொப்பளிக்க வையுங்கள். இழுப்பு நின்றுவிட்டதே என்று நான் அந்தத் தடுப்பு மருந்தை நடுவில் நிறுத்தி, மூன்றே வாரத்தில் மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, ஃப்ளூ ஊசி. ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்குப் போடலாம். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் வருடம் மட்டும் நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி. போட்ட பிறகு உடம்பு தயாராக இரண்டு வாரம் ஆகும். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிய வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.