கொச்சி யூதர்களிடம் என்ன கேட்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொச்சி யூத முதியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்ய நண்பர்கள் மூவர் திட்டமிட்டிருக்கிறோம். எர்ணாகுளத்தில் ஓரிருவர், மற்றவர்கள் இஸ்ரேலில், கொச்சி யூதர்கள் குடியேறிய நெவாத்திம் கிராமத்துப் பக்கம். செப்பேட்டிலிருந்து தொடங்கி வரிசையாகக் கேள்வித்தாள் எழுதியிருக்கிறோம். செல்போன் பதிவு போதுமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

செப்பேட்டை எடுத்துவிடுங்கள். யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் அதில் எழுதித் தந்த உரிமைகளைப் பற்றி எண்பத்தைந்து வயதுப் பாட்டி சொல்வதெல்லாம் அவரும் எங்கோ கேட்டதாகத்தான் இருக்கும். அவருக்கு மட்டுமே தெரிந்தது வேறு. ஜெப ஆலயத்தை அவர்களும் ‘பள்ளி’ என்றுதான் சொல்வார்கள். மாடியில் பெண்கள் பகுதிக்கு எந்தப் படியில் ஏறினார், யார் பக்கத்தில் உட்கார்ந்தார், 1950களில் இஸ்ரேலுக்குக் கிளம்பியபோது பெட்டிக்குள் போனது எது, பக்கத்து வீட்டுக்குப் போனது எது? இப்படிக் கேளுங்கள்.

முதல் கேள்வி ‘எந்தப் பள்ளி?’ என்று இருக்கட்டும். கேரளத்தில் எட்டுப் பள்ளிகள் இருந்தன. எர்ணாகுளத்திலும் மட்டாஞ்சேரியிலும் கடவும்பாகம், தெக்கும்பாகம் என்று அதே பெயரில் இரண்டிரண்டு. பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் ஊர் குழம்பும். ‘கறுப்பு யூதர், வெள்ளை யூதர்’ என்ற பேச்சை நீங்கள் எடுக்கவே கூடாது. மலபாரி (பழங்காலம் முதல் கேரளத்தில் இருந்தவர்கள்), பரதேசி (பின்னாளில் வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள்) என்பதே போதும். பரதேசிப் பள்ளியில் சிலருக்குச் சம உரிமை மறுக்கப்பட்ட கதையை அவர்களே எடுத்தால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

ஆண்டுக் கணக்கில் கவனம் தேவை. ‘1130இல் போனோம்’ என்றால் அது கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டு: 1954 ஆகஸ்ட் முதல் 1955 ஆகஸ்ட் வரை. ‘பெஸஹா முடிந்து போனோம்’ என்று யூதர்களின் வசந்தகாலப் பண்டிகையைச் சேர்த்துச் சொன்னால் 1955 வசந்தம் என்று பிடித்துவிடலாம். அதனால் மாதத்தைக் கேட்காதீர்கள், பண்டிகையைக் கேளுங்கள்.

செல்போன் போதும், காலர் மைக் இருந்தால். முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். சேலைத் தலைப்பு உரசினால் அந்தச் சரசரப்பை மென்பொருளால் முழுதாக நீக்குவது கடினம். விசிறியை அணைத்தால் கொச்சிப் புழுக்கத்தில் பாட்டி பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். வேகத்தைக் குறைத்தால் போதும். வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ: மணிக்குச் சுமார் 520 எம்பி. ஃபிளைட் மோடில் போட மறக்காதீர்கள். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை யூதர்களின் ஓய்வு நாளான சபாத், கருவியை எடுக்கவே கூடாது.

பாட்டுதான் இவர்களிடம் உள்ள பெருஞ்செல்வம். மலையாளப் பாட்டுகளைப் பெண்கள் கையெழுத்து நோட்டுகளில் எழுதி வைத்தார்கள். நோட்டில் சொல் இருக்கும், மெட்டு இருக்காது. பெயர்த்தெழுதும்போது சொல்லும் சிதைந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை பதியுங்கள்: ஒரு முறை பாடலாக, ஒரு முறை வரிவரியாகச் சொல்லவைத்து. பாடும் முன் பக்க எண்ணை உரக்கச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் படமும் எடுங்கள். பாதியில் மறந்தால் அடியெடுத்துக் கொடுக்காதீர்கள், அவர் திருத்திப் பாடுவதும் ஒரு தகவல். இஸ்ரேல் தேசிய நூலகத்தின் ஒலிக் காப்பகத்தில் பழைய பதிவுகள் உண்டு. போகும் முன் அவற்றைக் கேட்டுவிடுங்கள்.

எழுத்தாக்கத்தில்தான் இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் படுத்துவிடுகின்றன. ஒரு மணி நேரப் பேச்சுக்குக் குறைந்தது ஆறேழு மணி நேர உழைப்பு. மலையாளத்துக்கு நடுவே ஹீப்ருவும் வந்தால் இன்னும் கூடும். மலையாள எழுத்திலேயே எழுதுங்கள். தமிழில் எழுதினால் க, ப போன்ற எழுத்துகளின் வெவ்வேறு ஒலிகள் ஒன்றாகிப் போய்விடும். அதைவிட மோசம், தமிழ்க் காது பழகிய சொல்லைக் கேட்டதும் கை தானாகத் தமிழ்ச் சொல்லை எழுதிவிடும்.

ஒப்புதல் படிவம் அவர் படிக்கும் மொழியில் இருக்கட்டும். எதை வெளியிடக் கூடாது என்று அவர் குறிக்கத் தனி வரி விடுங்கள். மூன்று பிரதிகள் வையுங்கள், ஒன்று வேறு ஊரில். இன்னொன்றை எம்பி3 ஆக்கி ஒரு பென் டிரைவில் அவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள், பேரப்பிள்ளைகள் கேட்கட்டும்.