தேக்கா கடைவீட்டு உரிமையாளருக்கு மாநாட்டில் என்ன வேலை?

கேள்வி: சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், அதாவது தேக்காவில், அப்பா விட்டுப்போன கடைவீடு ஒன்று எனக்கும் தம்பிக்கும் பொதுவில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் புடவைக்கடை வாடகைக்கு இருக்கிறது, மேலே இரண்டு மாடியும் காலி. கட்டட உரிமையாளர்களும் கோ-லிவிங் (பலர் சேர்ந்து தங்கும் வாடகை அறைகள்), அலுவலக இடம் நடத்தும் நிறுவனங்களும் சந்திக்கும் இரண்டு நாள் மாநாட்டுக்கு அழைப்பு வந்திருக்கிறது. கட்டணம் பல நூறு வெள்ளி. பெரிய கம்பெனிக்காரர்கள் நடுவில் எனக்கு என்ன வேலை? என் ஆங்கிலமும் சுமார்தான். போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் உங்களைச் சின்ன ஆள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். மின்னணுக் கதவுப் பூட்டு விற்பவர், முன்பதிவுச் செயலி செய்பவர், துப்புரவு நிறுவனம் எல்லாரும் காசு கட்டி அங்கே மேசை போடுவதே கட்டடம் வைத்திருப்பவரைப் பார்க்கத்தான். அதனால்தான் இப்படிப்பட்ட கூட்டங்கள் பலவற்றில் உரிமையாளருக்கு ஒரு கட்டணமும் பொருள் விற்க வருபவருக்கு அதைவிடக் கூடுதலாகவும் வைக்கிறார்கள். உங்களுக்கு வந்தது எந்தக் கட்டணம் என்று பாருங்கள். ஒரு நாளுக்கு மட்டும் சீட்டு கிடைக்குமா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள், தயக்கமே வேண்டாம். விலையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கூடவே, வரும் நிறுவனங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கடைவீடு எடுத்து நடத்துகிற நிறுவனம் அதில் இரண்டு மூன்றாவது இல்லையென்றால், அந்தக் காசுக்கு மேல்மாடிக்குச் சாயம் அடித்துவிடலாம்.

போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மேல்மாடிகளுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையம் அனுமதித்திருக்கும் பயன்பாடு என்ன? குடியிருப்பா, அலுவலகமா, வேறு ஏதாவதா? அப்பா காலத்தில் ஆட்கள் தங்கியிருந்தார்கள் என்பதால் அது குடியிருப்பு ஆகிவிடாது. குடியிருப்பு என்றால் ஒருவருக்குக் குறைந்தது தொடர்ந்து 3 மாதத்துக்குத்தான் விட முடியும். 2017 நடுப்பகுதி வரை அது 6 மாதமாக இருந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியா 1989ல் பழங்கட்டடப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. உங்கள் கட்டடம் அதற்குள் வந்தால் முகப்பு, சன்னல், கூரை எதையும் அனுமதி இல்லாமல் மாற்ற முடியாது. இதையும் தெரிந்துகொண்டு போனால் பாதிப் பேச்சு மிச்சம்.

அப்புறம், ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். முகவரி, ஒவ்வொரு தளத்தின் சதுர அடி, அனுமதிக்கப்பட்ட பயன்பாடு, நிலம் நிரந்தர உரிமையா குத்தகையா, புடவைக்கடையின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, கழிவறை எத்தனை, மின்இணைப்பு எவ்வளவு, இரண்டு படம். எல்லாவற்றுக்கும் மேலாக, படிக்கட்டு. மேல்மாடிக்கு ஐந்தடிப் பாதையிலிருந்து (கடை முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதை) தனிக் கதவு இருக்கிறதா, அல்லது புடவைக்கடைக்குள் புகுந்துதான் ஏற வேண்டுமா? இரண்டாவது என்றால் பெரும்பாலோர் அந்த இடத்திலேயே கைகழுவிவிடுவார்கள். தனிக் கதவு இருந்தால் அதைத் தாளில் முதல் வரியாகப் போடுங்கள். ஆங்கிலம் சுமார் என்ற கவலைக்கும் இந்தத் தாள்தான் மருந்து. நீட்டினால் போதும், கேள்வி அவர்களிடமிருந்து வரும்.

அரங்கில் உட்கார்ந்து வட்டி விகிதம் பற்றிய உரைகளைக் கேட்பது உங்களுக்கு அவசியமில்லை. அதெல்லாம் செய்தித்தாளிலேயே வரும். தேநீர் இடைவேளைதான் உங்கள் நேரம். கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயரைவிடப் பதவியைப் படியுங்கள். புதுக் கட்டடம் எடுப்பது வணிக வளர்ச்சிப் பிரிவின் வேலை. சந்தைப்படுத்தல் பிரிவு ஆள் இனிக்க இனிக்கப் பேசுவார், முடிவு அவர் கையில் இருக்காது. மாநாட்டுக்கென்று செயலி இருந்தால், முந்தின வாரமே அதில் நான்கைந்து பேருக்குச் செய்தி அனுப்பி நேரம் வாங்கிவிடுங்கள்.

என்ன கேட்பது? "மாதம் எவ்வளவு தருவீர்கள்" என்று தொடங்காதீர்கள். இப்போது நடத்துகிற கடைவீடு எது, வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். நிலையான வாடகையா, வருமானத்தில் பங்கா? அறைகள் காலியாகக் கிடந்தால் நட்டம் யாருக்கு? சீரமைப்பு நடக்கும்போது எத்தனை மாதம் வாடகை இல்லை? விட்டுப் போகும்போது தடுப்புச் சுவர்களை எடுத்துப் பழையபடி ஆக்குவது யார் செலவு?

முக்கியமானது, கையெழுத்துப் போடப்போவது எந்த நிறுவனம் என்பது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் புதிதாக ஒரு சின்னக் கம்பெனி பதிந்து, அதன் பெயரில் முழுக் கட்டடத்தையும் மாஸ்டர் லீஸ் எடுப்பது, அதாவது மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து மற்றவர்களுக்கு உள்வாடகைக்கு விடுவது, இந்தத் தொழிலில் உண்டு. அது சட்டப்படி சரிதான். ஆனால் அந்தக் கம்பெனியின் மூலதனம் சில வெள்ளிதான் என்றால், நாளை அது கையை விரித்தால் நீங்கள் யாரைப் பிடிப்பீர்கள்? நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் சில வெள்ளி கட்டி நிறுவனத்தின் விவரத்தை எடுத்துப் பாருங்கள். தாய் நிறுவனத்தின் உத்தரவாதம் கேளுங்கள், இல்லையென்றால் கூடுதல் முன்பணம் கேளுங்கள். நல்ல நிறுவனம் இதற்கெல்லாம் முகம் சுளிக்காது.

"உங்கள் தெருவில் மற்ற உரிமையாளர்களை அறிமுகப்படுத்துங்கள், கமிஷன் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். சொத்து முகவராகப் பதிவு செய்யாதவர் அப்படிச் செய்து காசு வாங்குவது இங்கே குற்றம். உறுதியான லாபம் என்று சொல்லி வெளிநாட்டு வீடு விற்பவர் எந்தக் கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலைப் பார்க்காமல் கைப்பேசி எண்ணைக்கூடத் தர வேண்டாம்.

மாநாட்டுக் கட்டணத்தை வாடகை வருமானத்திலிருந்து கழிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முதல் வாடகைக்காரரைப் பிடிக்க முகவருக்குக் கொடுத்த கமிஷனையே வருமான வரியில் கழிக்க விடுவதில்லை. ஆகவே ரொம்ப எதிர்பார்க்காதீர்கள், கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாநாட்டில் எதிலும் கையெழுத்து வேண்டாம். சொத்து தம்பியின் பெயரிலும் இருக்கிறது, அது ஒன்றே நல்ல சாக்கு. ஆர்வம் காட்டியவர்களை அடுத்த வாரமே கட்டடத்துக்கு வரச் சொல்லுங்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மாலையில். ஐந்தடிப் பாதையில் நிற்க இடமில்லாத அந்தக் கூட்டத்தையும் சத்தத்தையும் பார்த்த பிறகும் வேண்டும் என்பவரிடம் வாடகை பேசுங்கள். எண்ணக் கடிதம் (ஒப்பந்தத்துக்கு முன் தரும் 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்') என்று அவர்கள் நீட்டுவதை முதலில் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். முன்பணம் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.