நோர்ட்லிங்கன்: மதில் வட்டமும் விண்கல் பள்ளமும்

வணக்கம்.

ஜெர்மனியில் விண்கல் விழுந்த பள்ளத்துக்குள் இருக்கும் நோர்ட்லிங்கன் என்ற ஊரைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். மேலிருந்து எடுத்த படத்தில் ஊர் அச்சு அசலாக வட்டமாக இருக்கிறது. விண்கல் தோண்டிய குழியின் விளிம்பின் மேலேயே மதிலைக் கட்டிவிட்டார்கள் என்றும், ஊர்க் கட்டடங்களில் 72,000 டன் வைரம் ஒளிந்திருக்கிறது என்றும் சொல்கிறார்கள். இதில் எது உண்மை? அடுத்த மாதம் ம்யூனிக்கில் இருக்கும் மகனிடம் போகிறோம். ஒரு நாள் போய்வந்தால் அங்கே எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படத்தில் பார்த்த வட்டம் வேறு, விண்கல் உண்டாக்கிய வட்டம் வேறு. மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 2.7 கி.மீ. அப்படியென்றால் ஊரின் குறுக்களவு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ரீஸ் என்று அழைக்கப்படும் பள்ளத்தின் குறுக்களவோ சுமார் 25 கி.மீ. ஊர் அதன் நடுவிலும் இல்லை. மையத்திலிருந்து 6 கி.மீ. தென்மேற்கே தள்ளி இருக்கிறது. ஊருக்கு மேலே பறந்து எடுத்த படத்தில் பள்ளத்தின் விளிம்பு சட்டகத்துக்குள்ளேயே வராது.

மதில் வட்டமானதற்குக் காரணம் ஊர் வளர்ந்த விதம். 898ஆம் ஆண்டு ஆவணத்தில் இந்த இடம் ஓர் அரசப் பண்ணையாக வருகிறது. அப்போது அது ரேகன்ஸ்புர்க் ஆயருக்குத் தானமாகப் போயிற்று. 1215இல் இரண்டாம் ஃப்ரீட்ரிஷ் அதை ஆயரிடமிருந்து திரும்பப் பெற்றார். பேரரசரைத் தவிர வேறு எந்தச் சிற்றரசருக்கும் கட்டுப்படாத நகரமாக அது வளர்ந்தது. 1219இலேயே இங்கு நடந்த பெந்தெகொஸ்தே சந்தை ஆவணங்களில் இடம்பெறுகிறது. சந்தை ஊரைப் பெருக்கியது. முதல் மதில் சிறியது. அதற்கு வெளியே வாசல்களை ஒட்டிய சாலைகளில் தோல் பதனிடுவோரும் நெசவாளரும் குடியேறினார்கள். 1327இல் பவேரியரான பேரரசர் லூட்விக் இந்தப் புறக்குடியிருப்புகளையும் சேர்த்து வளைத்துப் புது மதில் எழுப்ப ஆணையிட்டார். நடுவில் சந்தை, அதிலிருந்து ஐந்து சாலைகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு வாசல் என்ற அமைப்பைச் சுற்றி வளைத்தால் வட்டம்தான் வரும். குறைந்த நீள மதிலுக்குள் அதிக இடம் அடங்குவதும் வட்டத்தில்தான். பழைய மதிலை இடித்துவிட்டார்கள். ஆனால் அதன் தடம் ஊருக்குள் இரண்டாவது வளையமாக, வளைந்து செல்லும் தெருக்களாக இன்றும் இருக்கிறது. ஊர் வரைபடத்தைப் பார்த்தாலே அது தெரியும்.

அப்படிக் கட்டிய மதில் ஏன் இன்னும் முழுசாக நிற்கிறது என்று கேட்க வேண்டும். ஜெர்மானிய நகரங்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்துவிட்டுப் புறத்தே பரவின. நோர்ட்லிங்கனுக்கு அந்தத் தேவை வரவில்லை. 1634 செப்டம்பரில், முப்பதாண்டுப் போரின் நடுவே, முற்றுகையிடப்பட்ட இந்த ஊரைக் காப்பாற்ற வந்த ஸ்வீடன் படை ஊருக்குத் தென்மேற்கே இருக்கும் ஆல்புக் குன்றில் ஸ்பானியக் காலாட்படையைத் திரும்பத் திரும்பத் தாக்கித் தோற்றது. தளபதி குஸ்தாவ் ஹார்ன் சிறைப்பட்டார். மறு ஆண்டே ஃப்ரான்ஸ் நேரடியாகப் போரில் இறங்கியதற்கு இந்தத் தோல்வி முக்கியமான காரணம். ஐரோப்பாவுக்கு அது ஒரு திருப்பம். ஊருக்கோ பஞ்சம், கொள்ளைநோய், கடன். மதிலுக்கு வெளியே பரவும் அளவுக்கு மக்கள் பெருகப் பல தலைமுறைகள் ஆயின. 1803 வாக்கில் தன்னுரிமை போய்ப் பவேரியாவோடு சேர்ந்தது. 1826இல் மன்னர் முதலாம் லூட்விக் மதிலைக் காக்க வேண்டும் என்று ஆணையிட்டார். மதிலுக்கு மேல் கூரை வேய்ந்த காவல் நடையில் இன்று முழுச் சுற்றும் நடக்க முடிகிறது என்றால், வறுமையும் அந்த ஆணையும் சேர்ந்து செய்த வேலை.

இனி பள்ளம். சுமார் 1.48 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அகலமுள்ள விண்கல் இங்கே மோதியது. அப்போது இங்கிருந்த நிலம் இரண்டு அடுக்கு: மேலே ஏறத்தாழ 600 மீட்டருக்குச் சுண்ணாம்புக்கல், களிமண், மணற்கல், அதற்கடியில் கிரானைட், நைஸ் போன்ற பழம்பாறை. மோதலில் முதலில் மேலடுக்கு நொறுங்கிக் கலந்து வெளியே எறியப்பட்டது. பல நிறத் துண்டுகளாகக் கிடக்கும் அதைப் பல்வண்ண நொறுங்குபாறை என்கிறார்கள். ஆழத்திலிருந்த பழம்பாறை உருகியும் உடைந்தும் சூடாகப் பின்னால் வந்து அதன் மேல் படிந்தது. அதுதான் சுவேவைட். மோதிய கணத்தில் தெறித்த மேற்பரப்பு மணல் உருகிப் பச்சைக் கண்ணாடித் துளிகளாகக் கிழக்கே சில நூறு கிலோமீட்டர் தள்ளி, இன்றைய செக் நாட்டில் விழுந்தது. நகைக்கடைகளில் மோல்டவைட் என்று விற்பது அதைத்தான்.

பிறகு பள்ளத்தில் நீர் தேங்கி, வெளியேற வழியில்லாத உப்பு ஏரியாயிற்று. காலப்போக்கில் வண்டல் அதை நிரப்பியது. 1973இல் 1,206 மீட்டர் ஆழத்துக்கு ஆய்வுத்துளை இட்டபோது மேலே 300 மீட்டருக்கு மேல் ஏரி வண்டலும், அதன் கீழே சுவேவைட்டும் வந்தன. அதனால்தான் இன்று அங்கே போய் நின்றால் குழி எதுவும் தென்படாது, தட்டையான சமவெளிதான். விளிம்பு சமவெளியைவிட 100 முதல் 150 மீட்டர் உயரம்தான். அதைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. சமவெளியில் காற்று கொண்டுவந்து சேர்த்த வளமான வண்டல்மண் இருப்பதால் எல்லாம் வயல். விளிம்புக் குன்றுகளில் மண் மெலிந்திருப்பதால் காடு. வயல் முடிந்து காடு தொடங்கும் கோட்டைக் கண்ணால் சுற்றி வாருங்கள். அதுதான் பள்ளத்தின் கரை.

இதை எரிமலை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். சுவேவைட் பார்வைக்கு எரிமலைச் சாம்பல் கல்லைப் போலவே இருக்கும். உள்ளே கண்ணாடிக் கட்டிகளும் உண்டு. 1904இலேயே எர்ன்ஸ்ட் வெர்னர் விண்கல் மோதலாக இருக்கலாம் என்று எழுதினார், யாரும் பொருட்படுத்தவில்லை. 1960இல் அமெரிக்க நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கர் பள்ளத்தின் கிழக்கே ஓட்டிங் குவாரியில் கல் எடுத்துச் சக நிலவியலாளர் எட்வர்ட் சாவோவுக்கு அனுப்பினார். அதில் கோசைட் என்ற கனிமம் இருந்தது. குவார்ட்ஸ் கோசைட்டாக மாற 20,000 வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டும். தரைமட்டத்தில் வெடிக்கும் எந்த எரிமலையாலும் அதைத் தர முடியாது. தேவாலயச் சுவரைச் சுரண்டிப் பார்த்துத்தான் ஷூமேக்கர் உண்மையைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. கோசைட் கிடைத்தது குவாரிக் கல்லில்தான்.

ஆனால் தேவாலயச் சுவரை அவசியம் பாருங்கள். புனித ஜார்ஜ் தேவாலயமும் டானியேல் என்று ஊரார் அழைக்கும் அதன் 90 மீட்டர்க் கோபுரமும் சுவேவைட்டால் ஆனவை. ஒரு கல்லுக்கு முன் ஒரு முழ தூரத்தில் நில்லுங்கள். பச்சை கலந்த சாம்பல் நிறம். அதில் கறுப்பாக, நசுங்கித் தட்டையான, ஓரம் முறுக்கிய கட்டிகள் தெரியும்: உருகிய நிலையில் காற்றில் பறந்து உறைந்த கண்ணாடி. வெளிறிய, பளிச்சென்ற புள்ளிகள் ஆழத்துப் பழம்பாறையின் துண்டுகள். சில கற்களில் கண்ணாடி உதிர்ந்துபோய்க் குழி மட்டும் இருக்கும். இந்தக் கல்லின் பலவீனமே அதுதான். இதைச் செதுக்குவது எளிது, எடையும் குறைவு. ஆனால் கண்ணாடியும் நுண்தூளும் காலப்போக்கில் களிமண்ணாக மாறிவிடுகின்றன. மழையில் அந்தக் களிமண் உப்பும், வெயிலில் சுருங்கும், குளிரில் உள்ளே புகுந்த நீர் உறைந்து பிளக்கும். கல்லின் முகம் செதில் செதிலாக உரியும். அதனால் கோபுரத்தில் பழுதுபார்க்கும் வேலை ஓய்வதேயில்லை.

வைரம் உண்மை. பழம்பாறையில் இருந்த கிராஃபைட், மோதலின் அழுத்தத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வைரமாயிற்று. நீங்கள் சொன்ன 72,000 டன் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதுவும் ஊரையும் சுற்றுவட்டாரத்துப் பாறையையும் சேர்த்துத்தான். பெரும்பாலான துகள்கள் 0.2 மி.மீ.க்கும் சிறியவை. கல்லைக் கடும் அமிலத்தில் கரைத்து, எஞ்சுவதை நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். பட்டை தீட்டவோ விற்கவோ உதவாது. நான் மதிப்பது அந்தக் கல்லைத்தான்: ஒரே துண்டில் மேலடுக்கும் அடியடுக்கும் உருகலும் உடைசலும் கலந்திருக்கும் கல் பூமியில் எளிதாகக் கிடைப்பதில்லை. 1970 ஆகஸ்டில் அப்போலோ 14 பயணத்துக்காக ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும், மாற்று அணியின் யூஜின் செர்னனும் ஜோ எங்கிளும் இங்கே பயிற்சிக்கு வந்தது இதற்காகத்தான். நிலவில் அவர்கள் எடுக்கப்போவதும் மோதலில் எறியப்பட்ட கலவைப்பாறை. எந்தத் துண்டு ஆழத்திலிருந்து வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லப் பழக வேண்டியிருந்தது.

உங்கள் ஒரு நாளுக்கு வருகிறேன். ம்யூனிக்கிலிருந்து டோனாவொர்த் வந்து ரயில் மாறுங்கள். அங்கிருந்து அரை மணி நேரம். வழியில் ஹார்புர்க் கோட்டை குன்றின் மேல் வரும். பள்ளத்தின் நீரையெல்லாம் சேர்த்துக்கொண்டு வோர்னிட்ஸ் ஆறு விளிம்பை அறுத்து வெளியேறும் இடம் அது. அதைத் தாண்டியதும் நிலம் சட்டென்று விரியும்; அங்கே நீங்கள் பள்ளத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

முதலில் ரீஸ் பள்ள அருங்காட்சியகம். 1990இல் ஒரு பழைய களஞ்சியத்தில் திறந்தது. அப்போலோ 16 கொண்டுவந்த நிலவுக்கல் அங்கே இருக்கிறது. திங்கட்கிழமை போகாதீர்கள். பாறை வகைகளை அங்கே பார்த்துவிட்டால் தேவாலயச் சுவரில் நீங்களே அடையாளம் காணலாம். பிறகு கோபுரம்: 350 படிகள், மேலே போகப் போக ஒடுக்கம், மின்தூக்கியை நம்பிப் போகாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர் மதிலோடு நிறுத்திக்கொள்ளலாம். காலையில் மூடுபனி இருந்தால் கோபுரத்தைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். பனியில் ஏறினால் கூரைகள் தெரியும், காட்டு விளிம்பு தெரியாது. மேலிருந்து வடமேற்கே தனியாக எழும் வாலர்ஸ்டைன் பாறையைத் தேடுங்கள். பெரிய பள்ளத்துக்குள் இருக்கும் உள்வளையத்தின் ஒரு துண்டு அது.

மதில் சுற்றுக்கு ஒரு மணி நேரம் போதும். லொப்சிங்கர் வாசலில் தொடங்குங்கள். இடையே இறங்கி, ஏகர் ஓடையோரம் தோல் பதனிடுவோர் தெருவில், தோல் உலர்த்துவதற்காகவே திறந்துவிட்ட மாடிகள் உள்ள வீடுகளைப் பாருங்கள். திராட்சைமதுச் சந்தைத் திடலில் மரியா ஹோல் பெயரில் ஒரு நீரூற்று உண்டு. 1589 முதல் 1598 வரை இந்த ஊரில் சூனியக்காரர் என்று 34 பெண்களையும் ஓர் ஆணையும் எரித்தார்கள். விடுதிக்காரரின் மனைவியான மரியா ஹோல் 62 முறை சித்திரவதை செய்யப்பட்டும் இல்லாத குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. 1594இல் விடுவிக்க வேண்டியதாயிற்று. அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

மகன் கார் எடுத்தால் இரண்டு இடம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டிங்கன் என்ற ஊருக்கு (முன்பு சொன்ன ஓட்டிங் வேறு) அருகே ஔமூலே குவாரியில் கீழே செம்பழுப்பு நொறுங்குபாறையும் மேலே சாம்பல் சுவேவைட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக, கத்தியால் வெட்டியதுபோல் கோடு பிரிந்து நிற்கும். மோதலின் வரிசை முழுதும் அந்த ஒரு சுவரில் இருக்கிறது. இரண்டாவது, ஹோல்ஹைம் அருகே விளிம்பில் இருக்கும் ஓஃப்னெட் குகைகள். 1908இல் அங்கே இரண்டு குழிகளில் 33 மண்டையோடுகள் கிடைத்தன, இடைக்கற்காலத்தவை. இரண்டுமே பாதுகாக்கப்பட்ட இடங்கள். சுத்தியலை எடுத்துப் போகாதீர்கள். மழைக்கு மறுநாள் என்றால் குவாரித் தரை வழுக்கும், நல்ல பிடியுள்ள காலணி அணிந்துகொள்ளுங்கள்.