வியன்னா மாநாட்டுக்குக் குழுவாகச் செல்வோருக்கு ஒரே விசா விண்ணப்பம் போதுமா?

வியன்னாவில் நடைபெறும் ஐரோப்பியக் கதிரியக்கவியல் மாநாட்டுக்கு ஒரே துறையிலிருந்து ஐந்து மருத்துவர்கள் சேர்ந்து செல்வதால், ஒரே விசா விண்ணப்பம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பித்து, தத்தம் பெயரிலான மாநாட்டுப் பதிவுச் சான்றையும், மருத்துவமனை அளிக்கும் விடுப்புக் கடிதத்தையும், குறைந்தது 30,000 யூரோ வரையிலான மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீட்டையும் இணைக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாள்களுக்கு முன்னதாகவாவது கொடுத்தாக வேண்டும். இது ஆஸ்திரியா, பிரான்சு உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவான விசா என்பதால், சுற்றிப் பார்ப்பதற்காக ஒருவர் மட்டும் வியன்னாவைவிடப் பாரிசில் அதிக நாள்கள் தங்குவதாயின், அவருடைய விண்ணப்பம் பெரும்பாலும் பிரான்சுக்கே செல்ல வேண்டியிருக்கும் என்பதை இப்போதே பேசி முடிவெடுங்கள்.

மாநாட்டில் ஐவரும் ஒரே அரங்கில் அமர்ந்துவிடாதீர்கள். ஒரே நேரத்தில் பல அமர்வுகள் நடப்பதால், மார்பகம், நரம்பியல், குழந்தைகள் எனத் துறைவாரியாக முந்தைய நாள் இரவிலேயே பிரித்துக்கொண்டு, மாலையில் யூ1 மெட்ரோவில் திரும்பும்போது குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளுங்கள்.